காற்றாலைக்கு ஒரு டேங்க் டீசல்

மார்ச் 4, செவ்வாய்

டிரெய்லர் வந்துவிட்டது! ஆஸ்பத்திரியின் பின்வாசலில், துணி துவைக்கும் கூடத்துக்கு எதிரே, நான்கு சக்கரத்தில் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். இருட்டு. ஓட்டை ஒடிசல் இல்லாத கெட்டியான இருட்டு. கண்ணுக்கு அளவெடுக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இத்தனை காலம் பிக்கப்பில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், கிடைத்த கூடத்தில் எழுத்துப் பலகையை மாட்டி, ஜன்னலுக்குப் போர்வை கட்டிச் சமாளித்தோம். இனி அறையே கூட வரும். வில்லையின் விளிம்பு சீவும் இயந்திரமும் உள்ளேயே இருக்கிறது. காலையில் அளவெடுத்தால் மாலையில் கண்ணாடி மூக்கின் மேல்.

அண்ணி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா என்பதால் எனக்கு அண்ணி; ஆஸ்பத்திரிக்கு நடமாடும் கண் பிரிவின் ஓட்டுநர். டயரை உதைத்தார். கொக்கியைத் தட்டினார். முன்சுவர் எதிரே மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"பொட்டி அழகாத்தான் இருக்கு. நெத்திதான் கொஞ்சம் அகலம்."

பிக்கப்பின் கூரைக்கு மேலே ஒரு முழ உயரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது அந்த நெற்றி. எனக்கு அது அழகாகத்தான் பட்டது.

முதல் வேலையாகக் கீறல் அக்காவுக்குப் போன் செய்தேன். காற்றாலைக் குடியிருப்பில் இறக்கைகளைக் கீழே இறக்கி வைத்து, அவற்றில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பூசுகிற வேலை அவருக்கு. அதனால் அந்தப் பெயர். அவரே போனை எடுத்ததும் "கீறல்தான் பேசுறேன்" என்பார். இப்போது அந்தக் கண்தான் அவரைக் கைவிடுகிறது. சிதறல் பார்வை. வில்லையின் கோணம் ஒரு இம்மி பிசகினாலும் கோடு இரண்டாகத் தெரியும். இங்கிருந்து அனுப்பிய கண்ணாடி இரண்டு தடவையும் சரியாக வரவில்லை. வெளிச்சக் கூடத்தில் எடுத்த அளவு எப்படிச் சரியாக வரும்? போன மாதம் ஒரு கீறலைத் தவற விட்டிருக்கிறார். இன்னொன்று தவறினால் இறக்கைக் கொட்டகையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"இந்தத் தடவை அறையோடயே வரோம் அக்கா" என்றேன்.

"அறையோடயா? அப்ப சமையக்கட்டையும் எடுத்துட்டு வாங்க" என்று சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது.

மார்ச் 6, வியாழன்

டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளுவது பற்றி இன்று தெரிந்துகொண்டேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகும். பிடிவாதக்காரப் பிள்ளை. அண்ணி ஒரு கையால் ஸ்டியரிங்கை உருட்டிக்கொண்டு, இன்னொரு கையால் என்னோடு பேசிக்கொண்டே, துணிக்கூடத்துச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அதைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டார். துணிக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். அண்ணி இறங்கி அவர்களுக்குக் கும்பிடு வேறு போட்டார்!

அடக்கம் என்ற சொல்லுக்கும் அண்ணிக்கும் ஆகாது. பேருந்து ஓட்டிய காலத்தில் அவருக்குப் புயல் என்று பெயர். அவர் வண்டி ஒரு நிறுத்தத்துக்குத் தாமதமாக வந்ததை யாரும் பார்த்ததில்லையாம், சொன்னவர் அண்ணிதான். பிக்கப்பின் பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் "புயல்" என்று ஒட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வண்டியில் இதெல்லாம் கூடாது என்று மேலாளர் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

ஆனால் ஒன்று. அவர் ஓட்டும்போது என் கையில் இருக்கும் தேநீர் சிந்தாது. அந்த வேகத்திலும் சிந்தாது. அதை எப்படிச் செய்கிறார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மார்ச் 10, திங்கள்

நாளை காற்றாலை. கடைசி பெட்ரோல் பங்கைத் தாண்டினால் போக இருநூற்று எழுபது கிலோமீட்டர், வர அதே அளவு. நடுவில் டீசல் ஒரு சொட்டு கிடையாது. குடியிருப்பிலும் எல்லாம் மின்சாரம். சுற்றி வரக்கூட பேட்டரி வண்டிதான். கேனில் எடுத்துப் போகலாம் என்றால் நோயாளி ஏறி இறங்கும் வண்டியில் எரிபொருள் கேன் கூடாது என்று ஆஸ்பத்திரி சட்டம். நியாயமான சட்டம்தான்.

டேங்கை முட்ட நிரப்பினோம். திரையில் "இன்னும் போகக்கூடிய தூரம்" எண்ணூறுக்கு மேல் காட்டியது. போய்வந்து மீதியில் ஊர் சுற்றலாம் போலிருக்கிறது.

"நாலு தடவை போன ரோடு. கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்" என்றார் அண்ணி.

"என் எதிர்ல அப்படிச் சொல்லாதீங்க. என் பொழப்பே கண்ணைத் திறக்கிறதுதான்."

மார்ச் 11, செவ்வாய்

திரும்பிவிட்டோம். போய்ச் சேராமலே.

எழுதவே பிடிக்கவில்லை. காலை முழுக்க எதிர்காற்று. சாலை மேஜை போலச் சமமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வண்டி மூச்சு வாங்கியது. கியர் மேலே போவதும் உடனே கீழே இறங்குவதுமாக ஒரே தவிப்பு. ஒரு கட்டத்தில் அண்ணி திரையைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். நாங்கள் ஓடியது நூறு கிலோமீட்டர். திரையில் குறைந்திருந்தது இருநூற்றைம்பது! ஓடாத தூரத்தையெல்லாம் யார் தின்றது?

இன்னும் கொஞ்சம் போனோம். பாதி வழியில் அண்ணி ஓரமாக நிறுத்தினார். இறங்கி வெறும் வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போய்ச் சேந்துடலாம். திரும்பி வர முடியாது."

"போயிடலாம் அண்ணி. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் யாரு பாக்கிறது? நம்மளை இழுக்க இன்னொரு வண்டி வரணும். அதோட அந்த ஊருக்குப் போறதே வேண்டாம்னு எழுதிடுவாங்க. நீ அழுதாலும் சரி, நான் திருப்பப் போறேன்."

அழுதேன். என்னத்த செய்ய? அந்த அக்கா காலையிலிருந்து குளிச்சு ரெடியா உக்காந்திருப்பாங்க. போன் பண்ணிச் சொன்னா, "பரவாயில்லைம்மா, உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே" ங்கறாங்க! திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

ஒன்றை மட்டும் எழுதி வைக்க வேண்டும். திரும்பி வரும்போது காற்று முதுகில். அதே டிரெய்லர், அதே பாரம், அதே சாலை. வண்டி கியர் மாற்றாமல் அமைதியாக ஓடியது; டீசல் முள் சோம்பேறியாகத்தான் இறங்கியது. பங்க் தெரிந்ததும் அண்ணி சொன்னார்.

"பொட்டி கனமா இருந்ததால இல்லடீ. போறப்ப இருந்த கனந்தான் வர்றப்பவும் இருந்துச்சு."

மார்ச் 12, புதன்

மேலாளர் அறை. பயந்துகொண்டே போனேன். அவர் கத்தவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. மாதக் கடைசியில் புது அட்டவணை போடுகிறாராம். அதற்குள் ஒரே ஒரு முறை டிரெய்லரோடு காற்றாலைக்குப் போய்த் திரும்பிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அந்த ஊரை எடுத்துவிடுவார்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? நடுவழியில நோயாளிங்க வண்டி நின்னா நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும்."

அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

அண்ணி யார் மேலும் பழி போடவில்லை. "நான் ஏமாந்துட்டேன் சார். அந்தத் திரை போன வாரமெல்லாம் வெறும் வண்டியா ஓடினதை வச்சுக் கணக்குச் சொல்லியிருக்கு. பின்னாடி நாம ஒரு வீட்டைக் கட்டினது அதுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்க வேண்டியவ நான்" என்றார். நிமிர்ந்து நின்று சொன்னார். தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் இந்தப் பெண்மணிக்கு ஒரு மிடுக்கு இருக்கிறது. எனக்கு அது வராது.

வெளியே வந்ததும் என் பையைத் துழாவி, கண்ணை மறைக்க வைத்திருக்கும் ஒட்டு ஒன்றை எடுத்துத் திரைமேல் ஒட்டினார்.

"இதுக்குக் கண்ணு சரியில்ல டாக்டரம்மா. கொஞ்ச நாள் மூடி வை."

நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

மார்ச் 15, சனி

இன்றைக்கு எனக்கும் அண்ணிக்கும் சண்டை. பாரத்தைக் குறைத்தால் டீசல் குறையும் என்பது என் கட்சி. காற்றுதான் எதிரி என்பது அவர் கட்சி. விடுவேனா? டிரெய்லரிலிருந்து இரண்டு நாற்காலி, தண்ணீர்ப் பீப்பாய், பழைய பிரேம்கள் நிறைந்த பெட்டி, கடைசியில் நான் உட்காரும் முக்காலியைக்கூட இறக்கினேன். ஊரைச் சுற்றும் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். முன்னும் பின்னும் டேங்கை முட்ட நிரப்பி அளந்ததில் வித்தியாசம் இருந்தது. இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே.

"ஏத்தம் ஏறணும்னா உன் பேச்சு சரி. நிக்கிற வண்டியக் கிளப்பணும்னாலும் சரி. ஆனா சமமான ரோட்டுல ஓட ஆரம்பிச்சப்புறம் கனம் சும்மா கூட வரும். காத்துதான் ஒவ்வொரு அடிக்கும் கூலி கேக்கும்" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக என் கையை வெளியே நீட்டச் சொன்னார். உள்ளங்கையைக் காற்றுக்கு எதிரே விரித்தால் கை பின்னால் பறக்கிறது. கத்தி மாதிரிச் சாய்த்தால் சும்மா இருக்கிறது. "உன் பொட்டி உள்ளங்கைடீ" என்றார்.

தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. முக்காலி இல்லாமல் நாள் முழுக்க நின்றதில் இடுப்புதான் கழன்றுவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் களத்தில் இறங்கிவிட்டார். மரவேலைக்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு பலகைக்கு வெளியே போவானேன்? பிக்கப்பின் கூரைமேல் சரிவாக நிற்கிற மாதிரி ஒட்டுப்பலகையில் ஒரு காற்றுத் தடுப்பு. காற்று அதில் ஏறி டிரெய்லரின் நெற்றியைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது திட்டம். கொல்லையில் இழைத்து, தேய்த்து, வெள்ளை பூசி, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவே இல்லை. அக்காவும் தம்பியும் சாய்வு எவ்வளவு என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள்.

"எனக்குத் தொப்பி வைக்கிறான் பாரு" என்று அண்ணி அலுத்துக்கொண்டார். போகும்போது அந்தப் பலகையை அவர் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

தொப்பி வேலை செய்கிறது. டயருக்கும் சரியான காற்று பிடித்தாயிற்று. நாலில் இரண்டு தொய்ந்துதான் இருந்திருக்கின்றன. போதுமா? இன்னும் போதாது. கணக்குப் போட்டால் திரும்பி வரும் வழியில், பங்குக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்போது நின்றுவிடுவோம்.

அண்ணி கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இது அவர் வழக்கமில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று புரிந்தது, அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று.

"ஒண்ணு பாக்கி இருக்கு" என்று காலையில் வந்து நின்றார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "தொண்ணூறுல போறத அறுபதுல போனா காத்து பாதிக்கும் கீழதான் அடிக்கும். எனக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வாய் வரல."

அறுபது! புயல் அறுபதில் போவதா? நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

ஊரைச் சுற்றும் சாலையில் அதே சுற்று. கியர் ஏறி இறங்கித் தவிக்காமல் ஒரே கியரில் பிடித்து வைத்துக்கொண்டு, முட்டையை மிதிக்கிற மாதிரி ஆக்சிலரேட்டரை மிதித்தார். முன்னால் தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருள விட்டார். பிரேக் போடுவது என்பது எரித்த டீசலைச் சாலையில் கொட்டுவதாம். அரை மணி நேரத்தில் இத்தனை நுணுக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டார் இந்த மனுஷி. வேகமாக ஓட்டுகிறவர்களுக்குப் பொறுமை இருக்காது என்று நினைத்திருந்தேன். எவ்வளவு தப்பு.

லாரி முந்தியது. வேன் முந்தியது. பிறகு ஒரு பேருந்து பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, ஜன்னலைத் திறந்தது. அண்ணியோடு வேலை பார்த்த ஓட்டுநர்.

"என்ன புயலு! வலுவிழந்துடுச்சா?"

பயணிகள் சிரித்தார்கள். பேருந்து போய்விட்டது. அண்ணியின் காதுமடல் சிவந்துவிட்டது. கால் மட்டும் அசையவில்லை. முள் அறுபதிலேயே நின்றது. அந்தக் காலுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கே வந்தது. உண்மையைச் சொன்னால், துரத்துங்க அண்ணி என்று கத்த வேண்டும் போல இருந்தது.

டேங்கை நிரப்பி அளந்தோம். போய்த் திரும்பலாம்! ஒரு மயிரிழை மிச்சத்தில் போய்த் திரும்பலாம். நான் குதித்தேன். அண்ணி "ம்" என்றார்.

மார்ச் 21, வெள்ளி

பின்கண்ணாடியில் இருக்கும் எழுத்தைக் கிழித்துவிடவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எதுக்கு? இருக்கட்டும். புயல் கரையைக் கடக்கிறப்ப மெதுவாத்தான் கடக்கும். நியூஸ்ல கேட்டதில்ல?"

அண்ணி பழையபடி ஆகிவிட்டார்!

மார்ச் 25, செவ்வாய்

கீறல் அக்காவின் போன். மயிரிழை மிச்சம் என்று நான் சொல்லியிருந்தேன். காற்று எழுந்தால் அதுவும் போச்சு. அவர் இரண்டு நாளாக வேலைக்கு நடுவில் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"விடிஞ்சதுலேர்ந்து பத்து மணி வரைக்கும் இறக்கையெல்லாம் சோம்பலாத்தாம்மா சுத்துது. வெயில் ஏறினாத்தான் வெறி புடிக்கும். சாயங்காலம் காத்து உங்க ஊரப் பாத்துத்தான் அடிக்கும். அதுல ஏறிப் போயிடுங்க."

மெல்லிய கோடுதான் அவருக்கு இரண்டாகத் தெரியும். தூரத்தில் அவ்வளவு பெரிய இறக்கை சுற்றும் வேகம் போதுமான அளவு தெரிகிறது. காற்றைச் சாப்பிட்டு வாழ்கிற ஊரில் இருந்துகொண்டு, காற்றுக்குப் பயப்படுகிற எங்களுக்கு வழி சொல்கிறார். அண்ணி போனைப் பிடுங்கி, "நீங்க எங்க பொறந்திருக்கணும் தெரியுமா? எங்க டிப்போவுல!" என்றார். இரண்டு பேரும் அரை மணி பேசினார்கள். என் போன், என் பேட்டரி.

மார்ச் 27, வியாழன்

காற்றாலைக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். வந்துவிட்டோம்!

வெளிச்சம் வந்ததும் பங்கை விட்டுக் கிளம்பினோம். அறுபது. அந்த நீளமான சாலையில் அறுபது என்பது நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஓரத்துப் புதர்களை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுப் போகலாம். கோழி ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது.

"கோழிகூட நம்மளப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவுது" என்றார் அண்ணி.

"அதுங்க போற இடத்துக்கு அவசரம் வேண்டாம் அண்ணி."

அவர் சிரித்த சிரிப்பில் ஆக்சிலரேட்டர் மேல் இருந்த கால் அதிர்ந்திருக்க வேண்டும். அப்போதும் முள் அசையவில்லை. நான் வேண்டுமென்றே பார்த்தேன். தூரத்தில் இறக்கைகள் தெரிந்தபோது அவை உண்மையிலேயே சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. டேங்கில் பாதிக்கு ஒரு நூல் கீழே. திரையில் ஒட்டு அப்படியே இருக்கிறது; டீசல் முள்ளை மட்டும்தான் நம்புகிறோம்.

கீறல் அக்காவைத்தான் முதலில் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தியதும் "அய்யோ, எவ்ளோ இருட்டு" என்றார். அந்த இருட்டுக்காகத்தான் அக்கா இத்தனை பாடு. வில்லையை வைத்து, திருப்பி, திருப்பி, மெல்லத் திருப்பி. "ரெண்டு கோடு... ரெண்டு... இப்பவும் ரெண்டு..." பிறகு பேச்சு நின்றுவிட்டது. நானும் கையை நிறுத்திக்கொண்டேன்.

"ஒண்ணாயிடுச்சு" என்றார். மெதுவாக, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுகிற குரலில்.

அவர் இடத்தை விட்டு எழுவதற்குள் விளிம்பு சீவி, பிரேமில் பொருத்தி, மூக்கில் வைத்தேன். வெளியே வந்தார். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"இதுதான் புயலோட முகமா? இத்தனை நாள் மங்கலாப் பாத்து ஏதோ சின்னப் பொண்ணுன்னு நினைச்சேனே!"

"டாக்டரம்மா, அந்தக் கண்ணாடியத் திருப்பி வாங்கிக்க" என்றார் அண்ணி.

அக்கா சிரித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். தொழில் கை சும்மா இருக்குமா? கூரைமேல் இருந்த பலகையை எட்டித் தடவினார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். நாங்கள் யாரும் பார்க்காததைப் பார்த்தார்: தாங்கிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூச்சுக்கு அடியில், மயிரிழையாக ஒரு கீறல். எனக்கு நல்ல கண். காட்டிய பிறகும் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

"இது சாயங்காலக் காத்துல பிச்சுக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். இறக்கைக்குப் பூசுகிற பசையும் நார்த்துணியும் கொண்டுவந்து, அவ்வளவு பெரிய இறக்கைக்குச் செய்கிற அதே சிரத்தையோடு எங்கள் ஒட்டுப்பலகைக்குப் பூசினார். பூசும்போது அவர் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. அண்ணி அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனேன்.

மார்ச் 28, வெள்ளி

சாயங்காலம் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. பசை பிடித்த பலகை ஒரு சத்தம் போடவில்லை. கடைசியில் டீசல் முள் சிவப்புக் கோட்டில் இறங்கியது. பங்கின் விளக்கு தெரிந்தது. அப்போதும் அவர் வேகம் கூட்டவில்லை. நானாக இருந்திருந்தால் மிதித்துத் தள்ளியிருப்பேன், விளக்குக்கு முன்னாலேயே நின்றிருப்பேன்.

உருண்டு போய்க் குழாய்க்கு எதிரே நின்றது. அண்ணி ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று தோளைத் தொட்டேன்.

"காலு மரத்துப் போச்சுடீ. தொண்ணூறுல போனா இப்படி வலிச்சதே இல்ல."

கட்டிக்கொண்டேன். இவ்வளவு நாள் இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன், இதுதான் முதல் தடவை.

மார்ச் 31, திங்கள்

புது அட்டவணை மேலாளர் கதவில் ஒட்டியாயிற்று. காற்றாலை, மாதம் ஒரு முறை, டிரெய்லரோடு. எதிரே "விடிந்ததும் கிளம்ப வேண்டும்" என்று அவரே கையால் எழுதியிருக்கிறார்.

வீட்டுக்காரருக்கு மட்டும் மூன்று நாளாக மனத்தாங்கல். தன் பலகையில் கீறல் என்று ஒருத்தர் சொல்லிவிட்டாராம். "எந்த எடத்துல? காட்டு" என்று கூரைமேல் ஏறி நிற்கிறார்.

மே 18, ஞாயிறு

காலையில் கீறல் அக்காவின் போன். சுற்றுகிற இறக்கை ஒன்றை இறக்கச் சொல்லி அடம்பிடித்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னார்களாம். இறக்கினால் உள்வரைக்கும் ஓடியிருக்கிறது கீறல். இனி கொட்டகைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் முதலில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "புயல் இருக்காங்களா, குடுங்க" என்றார். இப்போதெல்லாம் எனக்கு வருகிற போன் இல்லை அது.

பிறகு டிரெய்லரை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கழற்றிவிட்டு, வெறும் பிக்கப்பில் அண்ணியும் நானும் கடைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, சாலை காலி, நல்ல வெயில். அந்தப் பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தினார். இந்த முறை கிண்டல் இல்லை, சும்மா ஒரு ஹாரன். அண்ணி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். உள்ளங்கையை விரிக்காமல், கத்தி மாதிரிச் சாய்த்து.

முள்ளைப் பார்த்தேன். அறுபது.

"அண்ணி, பின்னால ஒண்ணும் இல்ல."

கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "தெரியும்."

"அப்புறம்?"

"இருந்துட்டுப் போகட்டும்டீ" என்றார். "அவன் சீக்கிரம் போவான். நான் தூரம் போவேன்."

என் கையில் தேநீர் இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.